எட்டாவது வாளி

போன மாசம் தமிழ் மன்றக் கூட்டத்தில் நான் வாசித்த 'எட்டாவது வாளி' கதையைக் கேட்ட ஃபர்ஸ்ட் இயர் தம்பிகள் இரண்டு பேர், மெஸ் வரிசையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணா, பயமா இருக்குற இடத்துலயே எப்படிண்ணா சிரிப்பு வந்துச்சு?" என்றான் ஒருவன். "எனக்கு சிரிச்சு முடிச்சப்புறம்தான் பயமே வந்துச்சு" என்றான் இன்னொருவன். கையில் தட்டு, பின்னாடி நாற்பது பேர். அங்கே நின்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். கதையைக் கேட்காதவர்களும் படிக்கலாம். முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைக்கத்தான் போகிறேன்.

பேயும் காமெடியும் ஜோடி சேர்ந்தது 2007-ல் 'முனி', 2011-ல் 'காஞ்சனா' வந்த பிறகுதான் என்று நம்ம செட்டில் பல பேர் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. பாட்டி சொன்ன விக்கிரமாதித்தன் கதையை யோசிச்சுப் பாருங்க. நடு ராத்திரி, சுடுகாடு, ராஜா தோளில் பிணம். இதுக்கு மேல திகில் வேணுமா? அந்தப் பிணத்துக்குள்ள இருக்குற வேதாளம் சும்மா வராம வழி நெடுகக் கதை அளக்குது. முடிவில் ஒரு கேள்வி கேக்குது. பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா ராஜாவோட தலை வெடிச்சிடும். வாயைத் திறந்தால் மௌனம் கலைஞ்சு, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடும். சொன்னாலும் போச்சு, சொல்லாட்டியும் போச்சு. நம்ம வைவாவை அந்தக் காலத்துலயே கண்டுபிடிச்சிருக்காங்க!

பயம், 'அடுத்து என்ன' என்கிற தவிப்பு, சிரிப்பு மூணும் அந்த ஒரே தோள் மேல உட்கார்ந்து வருது. ஆனால் அதை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மூன்றையும் மிக்ஸியில் போட்டு அடிச்சா எதுவுமே தேறாது. பேய் வரும்போது ஜோக் அடிச்சா பேய் செத்துடும். (ஏற்கெனவே செத்ததுதான், இருந்தாலும்.) சரி, யாரைப் பார்த்து சிரிக்கிறது?

இதுக்கு எனக்குக் கிடைச்ச முதல் வாத்தியார் நாகேஷ். ஸ்ரீதர் இயக்கி 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில், சினிமா எடுக்க ஆசைப்படும் செல்லப்பா தன் அப்பா பாலையாவுக்கு ஒரு திகில் கதை சொல்லுவார். நம்ம தாத்தா காலத்துப் படம். ஆனாலும் அந்தக் காட்சி மட்டும் இன்னும் எல்லார் போனிலும் சுத்திக்கிட்டு இருக்கு. அதில் பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு வாயும், அதைக் கேட்கிற ஒரு முகமும்தான். நாகேஷ் கதவு சத்தம், காலடி சத்தம் எல்லாத்தையும் ரொம்ப சீரியஸாகச் செய்கிறார். அந்தக் கதையில் ஒரு இடத்தில்கூட அவர் சிரிப்பதில்லை. நாம் சிரிப்பது பாலையாவைப் பார்த்து. அவரோ நிஜமாகவே பயப்படுகிறார்.

நான் பத்து தடவை பார்த்துக் கத்துக்கிட்ட பாடம் இதுதான். பயமுறுத்துகிறவன் சீரியஸாக இருக்கணும். பயப்படுகிறவன் நேர்மையாகப் பயப்படணும். நம்மைச் சிரிக்க வைப்பது, பயத்தில் மனுஷன் செய்கிற காரியங்கள். 2005-ல் வந்த 'சந்திரமுகி'யை எடுத்துக்கோங்க. வடிவேலு பயப்படுகிற காட்சிகளில் நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். ஆனால் சந்திரமுகியைப் பார்த்து யாரும் சிரிக்கிறதில்லை. 'காஞ்சனா'விலும் அதேதான். லாரன்ஸும் கோவை சரளாவும் அலறுகிற அலறலுக்குத் தியேட்டரே குலுங்கும். சரத்குமார் வருகிற அந்தப் பழைய கதை தொடங்கினதும் அதே தியேட்டர் அமைதியாகிடும். அந்த அமைதி எங்கே இருந்து வருது என்பது எனக்கு அப்போ புரியலை. பின்னாடி சொல்றேன்.

இரண்டாவது வாத்தியார் ஹிட்ச்காக். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் அவர் நடத்திய நீண்ட உரையாடல் புத்தகமாகவே வந்திருக்கு. அதில் ஒரு மேஜையையும் ஒரு குண்டையும் வைத்து அவர் விளக்குவார். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து வெட்டியாகப் பேசிக்கிட்டு இருக்காங்க. திடீர்னு கீழே குண்டு வெடிக்குது. பார்க்கிறவர்களுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டை முன்னாடியே நமக்குக் காட்டிட்டு, அந்த இரண்டு பேருக்கு மட்டும் சொல்லாம விட்டா? அதே வெட்டிப் பேச்சு பதினைந்து நிமிஷம் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைக்கும். சஸ்பென்ஸ் என்றால் மறைக்கிறது என்றுதான் நான் நினைச்சிருந்தேன். கொஞ்சம் காட்டுறதுதான் சஸ்பென்ஸாம்.

நம்ம பாஷையில் சொல்லணும்னா கெப்பாசிட்டர். மெதுவாக சார்ஜ் ஏறுவது சஸ்பென்ஸ். ஒரே நொடியில் டிஸ்சார்ஜ் ஆகும்போது அது அலறலாகவும் வரலாம், சிரிப்பாகவும் வரலாம். இரண்டுக்கும் சார்ஜ் ஒன்றுதான். அதனால்தான் இருட்டில் பின்னாடி இருந்து யாராவது 'பே' என்று கத்தினால் முதலில் கத்திட்டு, உடனே சிரிக்கிறோம். இதில் ஒரே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கணும். சார்ஜ் ஏறுகிற நேரத்தில் நடுவே ஜோக் போட்டா லீக்கேஜ். சார்ஜ் ஏறத் தொடங்கும் முன்னாடி போடலாம், இறங்கும்போதும் போடலாம். நடுவில் மட்டும் கூடவே கூடாது.

மூன்றாவதாகப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. கதை எழுதிப் பிழைக்கிற ஒருத்தர் சொல்கிற கதை அது. தன்னையும் தன் தொழிலையும் கிண்டல் பண்ணிக்கொண்டே பேசுவார். அந்தக் கிண்டலாலேயே, 'இந்த ஆள் நம்ம ஆளு, பொய் சொல்ல மாட்டார்' என்று நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடும். அப்புறம் வீட்டுக்குள் ராத்திரியில் காரணம் தெரியாத ஒரு வாசனை வரும்போது, நாமும் சேர்ந்து மூக்கைச் சுளிக்கிறோம். கடைசி வரை 'இதுதான் காரணம்' என்று அவர் முடிச்சை அவிழ்க்கவே மாட்டார். சிரிக்க வைக்கிற குரல், பயத்தை நம்ப வைக்கும்னு அங்கேதான் பார்த்தேன்.

இப்போ என் கதைக்கு வரேன்.

ஸ்டடி ஹாலிடேஸ். ஹாஸ்டல் பாதி காலி. இரண்டாவது மாடியில் ஏழு பேர் மட்டும். ஊரெல்லாம் தண்ணீர்க் கஷ்டம், மாடிக்குத் தண்ணீர் வருவது காலையில் அரை மணி நேரம். முதல் ராத்திரி சரியாக 2.10-க்கு வராண்டா கடைசி பாத்ரூமில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. ஏழு பேரும் ஒரே ரூமுக்கு வந்து மத்தி மீன் மாதிரி அடுக்கிப் படுக்கிறார்கள்.

மறுநாள் பகலில் 'சிவில்' என்று எல்லாரும் கூப்பிடுகிற பையன் விளக்கம் கொடுக்கிறான். "பகல்ல தண்ணி வராதப்போ எவனோ குழாயைத் திறந்து பார்த்துட்டு மூடாம போயிருக்கான். ராத்திரி மோட்டார் போட்டதும் தானா கொட்டுது. அவ்ளோதான்டா." நியாயமான விளக்கம். நம்ம ஹாஸ்டலிலும் நிஜமாக நடக்கிறதுதான். எல்லாருக்கும் நிம்மதி. குழாயை இறுக்கி மூடி, துணி காய வைக்கிற கொடிக்கயிறால் நாலு சுத்து சுத்திக் கட்டுகிறார்கள். ராத்திரி 2.10. தண்ணீர் கொட்டுகிறது. கயிறைக் காணோம்.

பேய்க் கதையில் இந்த நியாயமான விளக்கம் ரொம்ப முக்கியம். கதைக்குள்ளே ஒரு புத்திசாலி அதைச் சொல்லலைன்னா, படிக்கிற நீங்க சொல்லிடுவீங்க. சொல்லிட்டு புத்தகத்தை மூடிடுவீங்க. அவனே சொல்லி, அவனே தோத்துப் போனா, உங்களுக்கும் வேற வழி இல்லை. கதைக்குள்ளேதான் இருந்தாகணும்.

மூன்றாவது ராத்திரி நடந்தது நானே எதிர்பார்க்காதது. எழுதிக்கிட்டே இருக்கும்போது, அந்த ஏழு பேரில் ஒருத்தன் வாளியை எடுத்துக்கிட்டு எழுந்துட்டான். "யார் திறந்தா என்னடா, தண்ணி வருதுல்ல?" அவ்வளவுதான். 2.05-க்கு பாத்ரூம் வாசலில் ஏழு வாளி வரிசை. யார் முதலில் என்று சண்டை. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் வாட்ஸ்அப்பில் டோக்கன் நம்பர் போடுகிறான். 2.12 ஆகியும் தண்ணீர் வரலைன்னதும், "என்னடா இது, டைமுக்கு வர்றதில்ல" என்று பேயைத் திட்டுகிறார்கள்.

மன்றத்தில் அதிகச் சிரிப்பு வந்த இடம் இதுதான். இதில் நான் ஒரு ஜோக்கும் யோசிக்கவில்லை. நம்ம பசங்க எப்படி நடந்துக்குவாங்களோ அப்படியே எழுதினேன், அவ்வளவுதான். பேயைவிடக் குளிக்காம செமஸ்டர் எழுதறது பெரிய பிரச்சினை என்று நினைக்கிற ஊர் இது.

ஆனால் அங்கேயே கதை நின்றுபோச்சு. நாலாவது ராத்திரிக்கு என்ன செய்வது? குழாயைத் திறக்கிறது யார்?

"மச்சான், 17-ஐ வெச்சிரு. 'உண்மைச் சம்பவம்'னு மேல போடு, பிச்சுக்கும்" என்றான் ரூம்மேட். எங்கள் பிளாக்கில் இருக்கிறவர்களுக்கு 17-ஆம் நம்பர் ரூமைத் தெரியும். எப்போதும் பூட்டியிருக்கும். அங்கே ஒரு சீனியர் செத்துப்போனதாகவும், ராத்திரியில் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்கும் என்றும் ஒவ்வொரு பேட்சும் அடுத்த பேட்சுக்குச் சொல்லிக் கொடுக்கும். நானும் ஃபர்ஸ்ட் இயரில் கேட்டேன். போன வருஷம் வந்தவர்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். ரத்தம் எவ்வளவு என்பது மட்டும் பேட்சுக்கு பேட்ச் கூடிக்கொண்டே போகும்.

ரெடிமேட் பேய். பேர், ரூம் நம்பர் எல்லாம் தயார். ஆனால் பேனா ஓடலை. அவனுக்கு ஒரு அம்மா இருப்பாங்க இல்ல? அவன் தங்கச்சி இந்த மின்னிதழைப் படிக்கிற வயசில் எங்கேயாவது இருக்கலாம் இல்ல? கற்பனைப் பேயை நான் எப்படி வேணும்னாலும் ஆட்டி வைக்கலாம். இவன் ஒருத்தரோட பையன். அவனைப் பத்தித் தெரிஞ்ச யாராவது இருக்காங்களான்னு கேட்காம ஒரு வரிகூட எழுதறதில்லைன்னு முடிவு பண்ணினேன்.

தெரிஞ்சவர் ஒருத்தர்தான் மிச்சம். கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் தாத்தா. ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிளாஸ்க்கில் டீ வைத்திருப்பார். மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"தாத்தா, 17-ஆம் நம்பர் ரூம்ல பேய் இருக்குன்னு சொல்றாங்களே..."

"பேயா? யாரு, அந்தப் பயலா?" தாத்தா சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் சிந்தியது. "அவன் உசுரோட இருந்தப்பவே ஒருத்தனும் அவனுக்குப் பயந்ததில்ல தம்பி. இப்ப வந்து நீங்க பயப்படறீங்களாக்கும்!"

அப்புறம் ஒரு மணி நேரம் சொன்னார். அவன் சுவர் ஏறிக் குதித்து செகண்ட் ஷோ போனது. திரும்பி வரும்போது தாத்தா வாயை அடைக்க பரோட்டா பார்சல் வாங்கி வந்தது. அந்தப் பார்சலிலும் வழியிலேயே ஒன்றைத் தின்றுவிட்டு, "கடைக்காரன் ஏமாத்திட்டான் தாத்தா" என்று சத்தியம் செய்தது. வாளிக் கைப்பிடி உடைந்துபோய், அதுக்குப் பதிலாக ஒரு கொடிக்கயிறைக் கட்டிக்கொண்டு நாலு வருஷமும் அதே வாளியோடு சுத்தினது.

அவன் ஹாஸ்டலிலேயே சாகலை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வழியில் பைக் விபத்து. 17-ஐப் பூட்டி வைத்திருப்பது கூரை ஒழுகுவதால். உள்ளே உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"அவங்கப்பா வந்து பெட்டியை எடுத்துட்டுப் போனாரு. வாளிய விட்டுட்டாரு. அதுலதான் இந்தச் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தறேன்" என்று கை காட்டினார். கேட் பக்கத்து செம்பருத்திச் செடிக்குக் கீழே ஒரு மெரூன் கலர் வாளி. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் கயிறு. மூணு வருஷமாக அதைத் தாண்டித்தான் கிளாஸுக்குப் போறேன்.

தாத்தா அப்புறம் ஒன்றும் பேசவில்லை. டம்ளரைக் கழுவி, ஃபிளாஸ்க் மேல கவிழ்த்து வைத்தார்.

ரூமுக்குத் திரும்பி நடக்கும்போதுதான், 'காஞ்சனா' தியேட்டரில் விழுந்த அந்த அமைதி எனக்குப் புரிந்தது. 17-ஆம் நம்பரைப் பத்திப் பயத்தோடு சொன்ன யாரும் அவனைப் பார்த்ததில்லை. பார்த்த ஒரே ஆள் சிரிச்சுக்கிட்டே சொன்னார். சிரிச்சு முடிச்சதும் அமைதியாகிட்டார். தெரியாத வரைக்கும்தான் பயம். தெரியத் தெரிய அது ஒரு மனுஷனா மாறுது. மனுஷன்னா சிரிப்பு வரும், கூடவே தொண்டையும் அடைக்கும். மூன்றையும் எந்த விகிதத்தில் கலக்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கலக்கவே வேண்டாம். தெரியாத இடத்தில் கதையைத் தொடங்கி, தெரிகிற இடம் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனா, மூணும் அதுஅது இடத்தில் தானா வந்து உட்காரும். போகிற வழிதான் சஸ்பென்ஸ்.

அன்றைக்கு ராத்திரியே நாலாவது ராத்திரியை எழுதினேன். 2.05. வாளிகள் வரிசையில் இருக்கின்றன. நான் கலர் மட்டும் சொல்லிக்கிட்டே போனேன். சிவப்பு, நீலம், பச்சை, இன்னொரு நீலம், வெள்ளை பெயிண்ட் டப்பா, மஞ்சள், ஆரஞ்சு, மெரூன். ஒரு விளக்கமும் தரலை. பசங்க வழக்கம்போல டோக்கனுக்குச் சண்டை போடுகிறார்கள். அதுதான் மேஜைக்குக் கீழே இருக்கிற குண்டு. மன்றத்தில் வாசிக்கும்போது இரண்டாவது வரிசையில் ஒரு பொண்ணு விரல் விட்டு எண்ணிட்டு, பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடிச்சாள். எனக்கு அப்போதே தெரிஞ்சுபோச்சு, இனி நான் மெதுவாகவே வாசிக்கலாம்.

ஒரு பக்கம் முழுக்கச் சண்டை நடந்த பிறகுதான் சிவில் சொல்கிறான்: "டேய், நாம ஏழு பேருதானடா?" டார்ச் வரிசையில் ஒவ்வொன்றாக நகர்ந்து கடைசி வாளியில் நிற்கிறது. அதுக்குக் கைப்பிடி இல்லை. அந்த இடத்தில் இரண்டாவது ராத்திரி காணாமல் போன கொடிக்கயிறு.

நிஜ வாளியைப் பார்த்த பிறகுதான் அந்தக் கயிறு கதைக்குள் வந்தது. பின்னாடி போய், இரண்டாவது ராத்திரியில் குழாயைக் கட்டுகிற இடத்தில் அதைச் செருகினேன். படிக்கிறவர்களுக்கு எல்லாம் முதலிலிருந்தே திட்டம் போட்டது மாதிரி இருக்கும். கதை எழுதறவன் முன்னாடி மட்டும் நடக்கணும்னு சட்டம் இல்லை.

நான் முதலில் எழுதின முடிவில், ஏழு பேரும் நடுங்கிக்கிட்டே முடிவு பண்ணுகிறார்கள்: "சீனியர்டா. அவருக்கு முதல்ல விட்ருவோம்." எட்டாவது வாளியை எடுத்து வரிசையில் முன்னாடி வைத்துவிட்டு ஓடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. ஆனால் மன்றத்தில் வாசிக்கும் முன்னாடி தாத்தாவிடம் வாசிச்சுக் காட்டணும்னு தோணுச்சு. பேர் சொல்லலை, ரூம் நம்பர் சொல்லலை. இருந்தாலும் அவர் வேண்டாம்னு சொன்னா, கதையைத் தூக்கிப் போட்டுடறதுன்னுதான் போனேன். மாசக்கணக்கா உட்கார்ந்து எழுதினது. வயித்தைப் பிசைஞ்சுது.

தாத்தா முழுசாகக் கேட்டார். டோக்கன் இடத்தில் சிரித்தார். வாளி இடத்தில் செம்பருத்திப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசலை.

"எல்லாம் சரிதான் தம்பி. கடைசிதான் தப்பு."

"ஏன் தாத்தா?"

"நீங்க எதுக்கு அவனுக்கு வழி விடணும்? அவன் என்னிக்கு வரிசையில நின்னான்? பூந்துருவான்!"

முடிவை அப்படியே மாற்றினேன். பசங்க எட்டாவது வாளியைத் தொடவே இல்லை. வரிசைக் கடைசியில் அது இருந்த இடத்திலேயே விட்டுட்டு, ரூமுக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கிறார்கள். 2.10. தண்ணீர் கொட்டுகிற சத்தம். அப்புறம் சிமென்ட் தரையில் ஒரு வாளியை இழுக்கிற சத்தம். மெதுவா, ரொம்ப தூரம். விடிஞ்சு போய்ப் பார்த்தால் எட்டு வாளியும் நிரம்பியிருக்கு. வரிசையில் முதலில் நிற்பது மெரூன் வாளி.

இந்த ஒரு வரிக்குத்தான் மன்றத்தில் சிரிப்பும் அலறலும் ஒன்றாக வந்தது. அந்த வரி என்னுதில்லை, தாத்தாவோடது. இல்லை, அவனோடதுன்னுதான் சொல்லணும்.

தம்பிகளா, நீங்களும் பேய்க் கதை எழுதுங்க. எந்த ஹாஸ்டலை எடுத்தாலும் பூட்டின ரூம் ஒன்று இருக்கும். எழுதறதுக்கு முன்னாடி, அந்த ரூமில் இருந்தவனுக்கு டீ ஊத்திக் கொடுத்த யாராவது இன்னும் இருக்காங்களான்னு ஒரு தடவை விசாரிங்க. மிச்சக் கதையை அவங்களே சொல்லுவாங்க.

அப்புறம், இரண்டாவது மாடிக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி படுக்கும் முன்னாடி குழாயை மூடிட்டுப் படுங்க. பேயெல்லாம் அப்புறம், தண்ணி வீணாகுது.